பகலில் சாது, இரவில் சண்டை: பவளங்களைப் பிரிக்க யோசனை சொல்லுங்கள்

என் ரீஃப் தொட்டியில் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) கேலக்ஸியா பவளத்துக்கும் ஹேமர் பவளத்துக்கும் நடுவே 10 செ.மீ. இடம் விட்டிருந்தேன். போதும் என்றுதான் நினைத்தேன். விளக்கு அணைந்தபின் டார்ச் அடித்துப் பார்த்தால், கேலக்ஸியா கண்ணாடி நூல் மாதிரி நீண்ட கொட்டும் இழைகளை நீரோட்டத்தில் வீசிக்கொண்டிருக்கிறது! ஹேமரின் ஒரு பக்கம் சதை கரைந்து வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது.

லெதர் பவளம் ஒன்றும் இருக்கிறது. அது தொடாமலே நீரில் டெர்பீன்கள் என்னும் நச்சு வேதிப்பொருள்களைக் கசியவிடும் என்பதால், அதை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டும் கரி) போட்டிருக்கிறேன். சரி, கொட்டும் இழையைக் கார்பன் என்ன செய்யும்?

கேலக்ஸியா பாறையோடு ஒட்டி வளர்ந்துவிட்டது, பெயர்த்தால் உடையும். அலை பம்பின் திசையைத் திருப்பினால் போதுமா, ஹேமரை 25 செ.மீ. தள்ளி வைக்கவா? அப்புறம், இப்படிக் கரைந்த ஹேமர் தலையை (கிளை நுனியை) வெட்டி எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?