சைட்டேஷனுக்கு ‘மேற்கோள்’ போதுமா?

க. எழுதியது:
வணக்கம். கிராஃப் (முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்) அல்காரிதத்தில் ஆய்வு செய்கிற ஒருவரின் வெளியீட்டுப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று இரண்டாமாண்டு மாணவர்களுக்கு இரண்டு பக்கக் கைப்பிரதி தயாரிக்கிறேன். எடுத்துக்காட்டு, கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை. “பல்லாயிரம் மேற்கோள் பெற்றது” என்று எழுதி ஒரு மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன். “மூணு பக்கத்துல அத்தனை பேரும் எந்த வரியை எடுத்தாங்க சார்?” என்றாள். மேற்கோள் என்றதும் அவளுக்கு இரட்டைக் குறிதான் தெரிகிறது. ஞாயிறு இரவு அச்சுக்குப் போகணும். ஒரு கட்டுரை இன்னொன்றைக் குறிப்பிடுகிற சைட்டேஷனுக்கு வேறு சொல் உண்டா?

பு. எழுதியது:
தம்பி, பவணந்தியாரின் நன்னூல், நூல் எழுதுவதற்குச் சொல்லும் 32 உத்திகளில் ‘தானெடுத்து மொழிதல்’, ‘பிறன்கோட் கூறல்’ இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது பழைய நூலின் வரியையே எடுத்துச் சொல்வது. பின்னது பிறர் கொள்கையைச் சொல்வது. உங்கள் மாணவிக்கு வந்த ஐயம் பவணந்தியாருக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆகவே ‘பிறன்கோள்’.

வ. எழுதியது:
ஐயா, கோள் மூட்டுகிற மாதிரி இருக்கிறதே! “அவருக்கு 40 பிறன்கோள்” என்றால் வானியல்காரர்களும் சண்டைக்கு வருவார்கள். ‘சான்று’ என்று எளிதாக வைத்தால் என்ன?

க. எழுதியது:
சான்று சரிவராது. டைக்ஸ்ட்ரா அந்தக் கட்டுரையில், அதே கணக்குகளுக்கு முன்பே வழி சொன்ன குருஸ்கலையும் ஃபோர்டையும் குறிப்பிடுவதே, அவர்கள் வழியைவிடத் தம் வழி மேல் என்று சொல்லத்தான். எதிர்க்கட்சி வக்கீலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதா?

பு. எழுதியது:
அப்படியானால் நன்னூலின் எழுவகை மதத்துக்கு, அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளுக்கு வாருங்கள். “பிறர்தம் மதமேற்கொண்டு களைவே”: பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பிறகு அதைக் களைவது. ‘மேற்கொண்டு’ என்பதைக் கவனிக்க. கொள் என்பதுதான் கோள் ஆனது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். மறுப்பதற்காக எடுத்ததும் மேற்கோளில் அடங்கும்.

வ. எழுதியது:
ஐயா காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி.

ம. எழுதியது (யாழ்ப்பாணம்):
முதலில் கிராஃபுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் தம்பி? எங்கள் பள்ளிக்கூடத்தில் ‘வரைபு’ என்றால் எக்ஸ், ஒய் அச்சு. உங்கள் ‘வரைபடம்’ என்றாலோ இந்தியா மேப்தான் வரும். ‘கோட்டுரு’ என்று போடுங்கோ. கட்டுரைகள் முனைகள், ஒன்று இன்னொன்றைச் சுட்டினால் அம்பு. அந்த அம்புதான் ‘சுட்டுகை’. டைக்ஸ்ட்ராவின் முதல் கணக்கு, எல்லா முனைகளையும் மிகக் குறைந்த நீளத்தில் இணைக்கும் மரம். அதற்கு அவர் சொன்ன வழியை 1930இலேயே யார்னிக் செக் மொழியில் எழுதிவிட்டார், 1957இல் பிரிம்மும் வெளியிட்டார். டைக்ஸ்ட்ராவிலிருந்து இருவருக்கும் அம்பு இல்லை. இந்த இல்லாத அம்பைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ. மேற்கோள் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்க ஏலாது.

வ. எழுதியது:
அருமை அக்கா. ஆனால் இங்கே ‘சுட்டது’ என்றால் திருடியது. “இந்தக் கட்டுரை டைக்ஸ்ட்ராவைச் சுட்டுகிறது” என்றால் கதையே மாறிவிடும்.

பு. எழுதியது:
சுடு என்பதன் பெயரெச்சம் சுட்ட. சுட்டு என்பதற்குச் சுட்டிய. மயக்கமே இல்லை.

வ. எழுதியது:
உங்களுக்கு இல்லை ஐயா. கடைசி பெஞ்சுக்கு?

க. எழுதியது:
மணி பதினொன்றரை. கோட்டுரு, முனை, சுட்டுகை என்று வைத்துவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘சைட்டேஷன் எனப்படும் சுட்டுகை’. யார்னிக் படமும் சேர்த்தாயிற்று, அந்த இடத்தில் புள்ளிக்கோடு. ஆப்டிமைசேஷனுக்கு ‘உகப்பாக்கம்’. அதைப் பற்றி யாரும் இன்றிரவு எழுத வேண்டாம், ப்ளீஸ். கோப்பு இணைப்பில்.

பு. எழுதியது:
கோப்பைப் பார்த்தேன். உள்ளே எல்லாம் சுட்டுகை. தலைப்பில் ‘மேற்கோள்களைப் படிப்பது எப்படி’ என்றே நிற்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.