எட்டுப் பெயர் சொல்லும் காட்சியில் என்ன சிரிப்பு?

கேள்வி:

2014இல் வந்த 'ஓச்சோ அபெயீதோஸ் பாஸ்கோஸ்' என்ற ஸ்பானியப் படத்தை நேற்று இரண்டாம் தடவை பார்த்தேன். தலைப்புக்கு எட்டு பாஸ்க் குடும்பப் பெயர்கள் என்று பொருள். பாஸ்க் என்பது ஸ்பெயினின் வடக்கே தனி மொழியோடு வாழும் இனம். தெற்கே செவில் நகரத்துக்காரன் ராஃபா, ஒரே இரவு பழகிய அமாயா விட்டுப்போன பையைத் தூக்கிக்கொண்டு பாஸ்க் நாட்டுக்கே பஸ் ஏறுகிறான். அவளோ பல வருஷம் கழித்து வரும் அப்பா கோல்தோவிடம் அவனைத் தன் மாப்பிள்ளை என்று காட்டிவிடுகிறாள். உன் எட்டுக் குடும்பப் பெயரையும் சொல் என்று கோல்தோ கேட்க, இவன் தட்டுத் தடுமாறிச் சொல்கிறான். அதில் என்ன வேடிக்கை? அப்புறம், காதலோடு வந்தவனை இப்படிப் பயன்படுத்திக்கொள்கிறாளே என்று அமாயாமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நான் தப்பாகப் பார்க்கிறேனா?

பதில்:

ஸ்பானிய மொழி வகுப்பில் எங்களுக்கு இந்தப் படத்தைப் போட்டார்கள். அந்தக் காட்சியில் ஆசிரியை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார், நாங்கள் முழித்துக்கொண்டிருந்தோம். நிறுத்திவிட்டு விளக்கினார்.

ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்: அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. எட்டுவரை போனால் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேரும் வந்துவிடுவார்கள். கலப்பே இல்லாத பாஸ்க்கா நீ என்பதுதான் கோல்தோவின் கேள்வி. ராஃபாவுக்குத் தெரிந்த பாஸ்க் பெயர்களோ டிவியில் பார்த்தவை. கபிலோந்தோ பத்திரிகையாளர், சுபிசரெத்தா கோல்கீப்பர், அர்கின்யானோ டிவியில் சமைத்துக் காட்டுபவர். இப்படியே போய், கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்து எட்டாவதாக 'கிளெமென்தே' என்கிறான். ஸ்பெயின் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஹாவியர் கிளெமென்தே பாஸ்க் நாட்டில் பரகால்தோவில் பிறந்தவர்தான். ஆனால் அந்தப் பெயரில் பாஸ்க் வாடையே கிடையாது!

அமாயா விஷயத்தில் நான் அவள் பக்கம். நிச்சயித்த கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. கல்யாணத்துக்கென்று அப்பா வந்து நிற்கிறார். அவரிடம் அதைச் சொல்ல வாய் வராமல்தான் அந்தப் பொய். ராஃபாவை ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. அவள் மறந்துவிட்டுப் போன பையிலிருந்தே, தன்மேல் அவளுக்கு ஆசை என்று தப்புக்கணக்கு போட ஆரம்பித்தவன் அவன்தான். அவளுடைய சங்கடத்தைத் தன் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறான்.

இன்னொரு பதில்:

எனக்கு இந்தப் படத்தில் உயிர் மெர்ச்சேதான். பஸ்ஸில் அறிமுகமான அந்த அம்மாள், ராஃபாவுக்காகப் பாஸ்க் தாயாக நடிக்கிறாள். உண்மையில் ஸ்பெயினின் குவார்தியா சிவில் படைவீரர் ஒருவரின் விதவை. பாஸ்க் தனிநாடு கேட்ட எட்டா அமைப்பு அந்தப் படையினர் பலரைக் கொன்றிருக்கிறது. ஆயுதப் போராட்டத்தை நிறுத்துவதாக எட்டா அறிவித்தது 2011 அக்டோபரில். மூன்றாவது வருஷமே அப்படியொரு பெண்ணை எழுதி, கோல்தோவின் மனசை அவள் பக்கம் சாய வைத்திருக்கிறார்கள். எழுதிய போர்ஹா கொபெயாகா, தியேகோ சான் ஹோசே இருவருமே பாஸ்க்காரர்கள் என்பதால்தான் அந்தத் துணிச்சல் வந்தது என்று நினைக்கிறேன். கோல்தோவாக வந்த கர்ரா எலெஹால்தே, மெர்ச்சேவாக வந்த கார்மென் மாச்சி இருவருக்கும் ஸ்பெயினின் சினிமா விருதான கோயா கிடைத்தது. ராஃபாவாக வந்த தானி ரொவீராவுக்குப் புதுமுக விருது.

கேட்டவர்:

ரொம்ப நன்றி. பையிலிருந்தே தப்புக்கணக்கு என்றது சரிதான், அதை நான் யோசிக்கவே இல்லை. கடைசியில் அவளே செவில் வரைக்கும் தேடி வருகிறாள் இல்லையா, நேற்று அதைக்கூடக் கோபத்தோடுதான் பார்த்தேன். இன்று ராத்திரி அந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.