தித் தா ஜாவ்: எந்தச் சாராயத்தில், எத்தனை நாள் ஊறவைப்பது?

பனங்காடை:
இரும்பு உள்ளங்கைப் பயிற்சிக்கு (பையில் அடித்து அடித்துக் கையை உரமாக்கும் குங்ஃபூ பயிற்சி) பச்சைப்பயறுப் பை தைத்தாயிற்று. பூசுவதற்குத் தித் தா ஜாவ் (அடிபட்ட இடத்தில் தேய்க்கும் சீன மூலிகைச் சாராயம்) வேண்டும். பொட்டலத்தில் 120 கிராம் மூலிகை இருக்கிறது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறப்போடலாமா? நேற்றைய வீக்கத்தில் இதையே தேய்க்கலாமா?

உரல்_உலக்கை:
சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். குடிக்க முடியாதபடி அதில் நச்சு கலந்திருப்பார்கள். தினமும் தோலில் தேய்க்க அது ஆகாது. தென்சீனாவின் குவாங்டாங் பக்கம் அரிசிச் சாராயம்தான் வழக்கம். 40 முதல் 50 சதவீதம் உள்ள வோட்கா போதும். அதைவிடக் காரமான ஸ்பிரிட்டில் பிசின்கள் நன்றாகக் கரையும், ஆனால் நீரில் இறங்கும் சத்து வேரிலேயே தங்கிவிடும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பூஞ்சை பிடிக்கும்.

120 கிராமுக்கு 1 லிட்டர் சரி. வேர்களை ஒன்றிரண்டாக இடியுங்கள். குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் பிசின்கள், நைசாகப் பொடித்தால்தான் இறங்கும். இல்லாவிட்டால் ஜாடி அடியில் கட்டிதட்டி உட்காரும். குசும்பாப்பூவை அப்படியே போடலாம். கண்ணாடி ஜாடி, இருட்டு மூலை, இரண்டு நாளுக்கு ஒருமுறை குலுக்கல். குறைந்தது 6 வாரம், 3 மாதம் என்றால் நல்லது. கற்பூர வாசனையுள்ள பிங்பியன் ஆவியாகிவிடும், அதனால் வடிகட்டியபின் கடைசியில் சேருங்கள். சட்டையில் பட்டால் கறை போகாது.

பொட்டலத்தில் சாவ்வூ, சுவான்வூ என்று எழுதியிருந்தால் அது நாபி இனக் கிழங்கு. சித்த மருந்திலும் நாபியைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். அதன் நஞ்சு தோல் வழியாகவே உள்ளே போகும், கீறல் இருந்தால் இன்னும் வேகமாக. அதை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள். ஜாடியில் 'குடிக்கக் கூடாது' என்று பெரிதாக ஒட்டுங்கள்.

கல்தூண்:
வீக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே. சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு சீனர்களுக்கும் உண்டு. அடிபட்ட முதல் இரண்டு நாள் இடம் சிவந்து கொதிக்கும். அப்போது சூடான சரக்குகள் நிறைந்த ஜாவைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். அந்தக் கட்டத்துக்கு ரேவல்சின்னி இனக் கிழங்கு சேர்ந்த 'மூன்று மஞ்சள்' பற்று. சூடு தணிந்து, பச்சையும் ஊதாவுமாக ரத்தக்கட்டு நிற்கும்போதுதான் ஜாவ்.

பயிற்சியில் அடிக்கு முன்பு லேசாக, பின்பு காயும்வரை 5 நிமிடம். தோல் கிழிந்திருந்தால் கூடாது. கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தவிர்க்கவும். குசும்பாப்பூ, தாங்குய் (ஒரு சீன மூலிகை வேர்) போன்றவை அந்த மாத்திரையோடு சேரக் கூடாதவை.

பனங்காடை:
நன்றி. கை மரத்துப்போவது பயிற்சியின் ஒரு பகுதி என்கிறார்களே?

கல்தூண்:
இல்லை. சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை மேட்டில், கொக்கி போன்ற ஓர் எலும்பின் மேல் ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கேயே திரும்பத் திரும்ப அடித்தால் குழாய் சேதமாகி அடைத்துக்கொள்ளும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்து, குளிரில் வெளுத்தால் பையை ஓரங்கட்டிவிட்டு டாக்டரைப் பாருங்கள். எந்த ஜாவும் அதைச் சரிசெய்யாது. எலும்பு இறுகுவது சுமையாலும் ஓய்வாலும். மருந்து தோலையும் ரத்தக்கட்டையும் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

25 செ.மீ. சதுரப் பைக்குச் சுமார் 3 கிலோ பயறு. ஆடாத மேசை, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. கையைத் தோளுயரத்திலிருந்து விழவிடுங்கள், தள்ளி அடிக்காதீர்கள். விழும்போது மூச்சை விடுங்கள். சில வாரத்தில் பயறு மாவாகி அடியில் கெட்டிப்படும். அப்புறம் நீங்கள் அடிப்பது கல்லை. சலித்துப் புதுப்பயறு மாற்றுங்கள்.

மூங்கில்_நிழல்:
வித்தையும் வைத்தியமும் ஒரே கையில் இருந்தது இதற்குத்தான். குவாங்சோவில் பாவ் சீ லாம் என்ற மருந்தகம் வைத்திருந்த வோங் ஃபெய் ஹுங் குங்ஃபூ ஆசானும்கூட. சிலம்பாசானே அடிமுறை வைத்தியம் பார்ப்பது நமக்கும் தெரிந்ததுதானே.

பை அடித்த கையோடு பா துவான் ஜின் என்ற மெதுவான சீன உடற்பயிற்சியின் எட்டு அசைவுகளையும் 12 நிமிடத்தில் செய்யுங்கள். முதல் அசைவில் விரல்களைக் கோத்து உள்ளங்கையை வானம் பார்க்கத் தூக்கும்போது தோள் காதுவரை ஏறினால் தவறு. மணிக்கட்டு வலித்தால் கோப்பதை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் தூக்கவும். வலியுள்ள நாளில் பை வேண்டாம், இது மட்டும்.