கந்தாசிரமத்தில் அம்மாவின் அறை

இந்தக் குழுவில் எல்லோரும் திருவண்ணாமலை ரமண மகரிஷி சன்னிதியில் கிடைத்த அமைதியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கே கோபத்தோடு போனவள்.

மூன்று வருடத்துக்கு முன் என் மகன் நல்ல வேலையை உதறிவிட்டு, வடக்கே ஒரு மடத்தில் சேரக் கிளம்பிவிட்டான். சமையலறையில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு ரமணர் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு வயிறு எரியும். 1896 ஆகஸ்ட் 29. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கான 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, 16 வயது வேங்கடராமன் (ரமணரின் அப்போதைய பெயர்) மதுரையை விட்டுப் போனார். ‘நான்’ என்று தொடங்கும் கடிதம் சட்டென்று ‘இது’ என்று மாறிவிடும். கையெழுத்துக்குப் பதில் வெறும் கோடு. படித்தவர்கள் அதில் ஞானத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அவர் அம்மா அழகம்மாள்தான் தெரிந்தார். ‘ஒருவரும் விசனப்பட வேண்டாம்’ என்று எழுதிவிட்டால் பெற்றவள் விசனப்படாமல் இருந்துவிடுவாளா?

போன ஆவணியில் முழங்கால் வலியோடு, அருணாசல மலையில் ரமணர் தங்கியிருந்த கந்தாசிரமம் வரை ஏறினேன். அங்கே அவர் அம்மா இருந்த சின்ன அறையில் உட்கார்ந்தேன். அழகம்மாளும் இந்த மலைக்கு அழுதுகொண்டுதானே முதலில் வந்தார் என்று தோன்றியது. 1898-இல் மலையை ஒட்டிய பவழக்குன்றில் மகனைக் கண்டுபிடித்து, நாள்கணக்கில் வீட்டுக்குக் கூப்பிட்டார். மகன் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: நடவாதது எவ்வளவு முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நில்லாது, ஆகலின் மௌனமாயிருக்கை நன்று. அதை வாங்கிக்கொண்டு அந்த அம்மா எப்படி மலை இறங்கியிருப்பார்!

ஆனால் 1916-இல் மகனோடேயே இருந்துவிட வந்தார். அதுவரை பிச்சை எடுத்துச் சாப்பிட்டவர்களுக்கு அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார். 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரியும் வரை, மகன் ஒரு கையை அம்மாவின் மார்பிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். இதையெல்லாம் முன்பே படித்திருக்கிறேன். அந்த அறையில் உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது.

தகப்பனை (அருணாசலேசுவரரைத்தான் அப்படிச் சொன்னார்) தேடிப் போகிறேன் என்று எழுதி வைத்தவர், அம்மா சமாதிக்குப் பக்கத்தில் கடைசி வரை தங்கிவிட்டார். இன்றைய ஆசிரமமே அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான்.

இறங்கி வந்து மகனுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடம் என் முழங்கால் வலியைப் பற்றியே பேசினோம்.

*

அம்மா, வணக்கம். நான் மதுரைக்காரன். சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமணர் வளர்ந்த வீடு இப்போது ரமண மந்திரம். 1896 ஜூலையில் திடீரென்று சாவு பயம் பிடித்துக்கொள்ள, பிணம் போலக் கை காலை நீட்டிப் படுத்து, ‘சாவது எது?’ என்று அவர் உள்ளே பார்த்தது அந்த வீட்டு மாடி அறையில்தான். அதற்கு நாலு வருடம் முன்பு அவருக்கு அப்பா போய்விட்டார். என் அப்பா காரியம் முடிந்த வாரம் நான் அங்கே போய் உட்கார்ந்தேன். பயம் போகவில்லை. ஆனால் பயத்தை விட்டு ஓடாமல் ஒரு மணி நேரம் இருக்க முடிந்தது. எனக்கு அது பெரிது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1914-இல் அழகம்மாள், ரமணர் அப்போது மலையில் தங்கியிருந்த விரூபாட்ச குகைக்கு வந்திருந்தபோது கடும் காய்ச்சலில் விழுந்தார். ‘நடப்பது நில்லாது’ என்று எழுதிய அதே மகன்தான், அம்மாவின் தாபத்தைத் தணித்துக் காப்பது உன் கடன் என்று அருணாசலனிடம் கேட்டுப் பாட்டு எழுதினார். அம்மாவும் பிழைத்தார்.

*

தம்பி, இந்தப் பாட்டு எனக்குத் தெரியாமல் போயிற்றே. இன்று ராத்திரியே தேடிப் படித்து மகனுக்கும் அனுப்புகிறேன். மதுரை வீட்டுக்கு எந்த நேரத்தில் போனால் கூட்டம் இருக்காது? மாடி ஏற எத்தனை படி?