ஐடிலிங், ரஃப் ஐடில், ஸ்டால்: திங்கட்கிழமைக்குள் தமிழ்ச்சொல் வேண்டும்

திண்டுக்கல் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவு முதலாண்டு மாணவர்களுக்குத் திங்கட்கிழமை செய்முறை வகுப்பு. பணிமனையில் ஒரு பழைய மாருதி 800 நிற்கிறது. கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கருவி) வண்டி, 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஸ்டார்ட் ஆகிறது, ஓட்டினால் ஓடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் தொல்லை: ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 900-ஐ ஒட்டி நிற்காமல் ஏறி இறங்குகிறது, எஞ்சின் குலுங்குகிறது, அப்புறம் அணைந்துவிடுகிறது. இதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் முறையை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதித் தர வேண்டும். கையில் உள்ள பழைய குறிப்பில் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மட்டும் ஓடுவது) 'சோம்பல் ஓட்டம்' என்றும், வேக்கம் லீக் 'வெற்றிடக் கசிவு' என்றும் இருக்கின்றன. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. உதவுங்கள்.

மதுரைப் பேராசிரியர் எழுதியது:

தம்பி, சோம்பல் ஓட்டத்தை இன்றே அடித்துவிடுங்கள். வெறுமை + ஓட்டம் = வெற்றோட்டம். வெற்றிலை, வெற்றிடம் போலத் தன்னொற்று இரட்டிப் புணரும், நன்னூல் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் குலுங்கும் ரஃப் ஐடிலுக்கு விதிர்ப்பு. 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்' என்பது தொல்காப்பிய உரியியல். இரண்டும் நடுக்கமே என்றாலும் என் காதுக்கு அதிர்வு சீரானது, வீணைத் தந்திக்கு உரியது. விதிர்ப்பு ஒழுங்கற்றது, உள்ளிருந்து வருவது. 'மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து' என்று மாணிக்கவாசகர் பாடும்போது உடம்பு சீராகவா நடுங்குகிறது? எஞ்சின் நின்றுபோகும் ஸ்டாலுக்கு அவிதல். 'ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்' என்று பிசிராந்தையார் சொல்லும் அதே அவிதல். ஆக வெற்றோட்டம், விதிர்ப்பு, அவிதல். மூன்றும் தூய தமிழ், மூன்றும் சுருக்கம்.

கோவைப் பட்டறைக்காரர் எழுதியது:

ஐயா, பேச்சில் 'வெற்றோட்டம்' என்றால் பையன்கள் காதில் வெற்றி ஓட்டம் என்றுதான் விழும். அது போகட்டும், பொருளே ஒத்து வரவில்லை என்பதுதான் என் கவலை. அந்த ஓட்டம் வெறுமையானது இல்லை. வண்டி நகரவில்லையே தவிர எஞ்சின் தன் உராய்வை எதிர்த்துச் சுற்ற வேண்டும், ஆல்டர்னேட்டரை இழுக்க வேண்டும், ஏ.சி. போட்டால் கம்ப்ரசரையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதுவும் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடிய நிலையில், கிடைக்கிற கொஞ்சக் காற்றையும் பெட்ரோலையும் வைத்துக்கொண்டு. அதனால்தான் மற்ற நேரத்தில் தெரியாத சின்னக் குறைகூட இங்கே வெளியே வந்துவிடுகிறது. 'வெறும்', 'சும்மா', 'சோம்பல்' என்றெல்லாம் பெயர் வைத்தால் மாணவன் இந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவான்.

வெற்றிடக் கசிவு இன்னும் மோசம். வெற்றிடம் எப்படிங்க கசியும்? அந்தச் சொல்லைப் படித்தவன் எங்கிருந்து என்ன வெளியே வருகிறது என்று தேடுவான். நடப்பது நேர்மாறு. வெடித்த ஹோஸ் வழியாகவோ, கார்புரேட்டருக்கு அடியில் இறுகிப்போன கேஸ்கட் (இடைவெளியை அடைக்கும் தகடு) வழியாகவோ வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. கலவையில் பெட்ரோல் குறைகிறது, எஞ்சின் திணறுகிறது. த்ராட்டில் திறந்து ஓடும்போது மொத்தக் காற்று அதிகம் என்பதால் இந்தத் திருட்டுக் காற்று கணக்கில் வராது, காலை எடுத்ததும் பெரிய பங்காகிவிடும். எங்கள் பட்டறையில் 'ஏர் இழுக்குது' என்போம். எழுத்தில் வேண்டுமானால் கள்ளக்காற்று என்று போடுங்கள். கள்ளச்சாவி மாதிரி, வரவேண்டிய வழியில் வராத காற்று.

டொராண்டோ அன்பர் எழுதியது:

கள்ளக்காற்றுக்கு என் முழு ஆதரவு. அவிதலைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். எங்கட யாழ்ப்பாணத்தில் விளக்கும் நூரும் (அணையும்), எஞ்சினும் நூரும். 'கார் நூந்து போச்சு' என்றால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். 1990களில் பெற்றோல் வராத காலத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. சந்தியில் மறித்து நிற்கும்போதும் அப்பா அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கமாட்டார், எடுத்தால் நூந்துவிடும். திரும்ப ஸ்ரார்ட் பண்ணக் கையில் பெற்றோல் இருக்காது. ஒரு போத்தலில் கொஞ்சம் மட்டும் வைத்திருந்தார், அதை எங்களைத் தொடவும் விடமாட்டார். ஆகவே என் வாக்கு நூர்தலுக்கு. அகராதியில் உள்ள சொல், நாங்கள் இன்றைக்கும் பேசுகிற சொல்.

மதுரைப் பேராசிரியர் எழுதியது:

நூர்தல் அருமையான சொல், மறுக்கவில்லை. ஆனால் திண்டுக்கல் பையனுக்கு நூர்தலும் புதிது, அவிதலும் புதிது. இரண்டையும் கற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் சங்கச் சொல்லையே கற்கட்டுமே. (அவிதலும் அவியலும் ஒரே வேர். நெருப்பு அவிவதும் காய் அவிவதும் எப்படி ஒரு சொல்லில் வந்தன என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.)

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, அந்த மடலை அவசியம் எழுதுங்கள், ஆனால் திங்கட்கிழமைக்குப் பிறகு. மாணவர்கள் ஏற்கெனவே 'அணைஞ்சு போச்சு' என்கிறார்கள். எல்லார் வாயிலும் இருக்கும் தமிழ்ச்சொல்லைத் தள்ளிவிட்டு இன்னொரு தமிழ்ச்சொல்லை ஏன் தேட வேண்டும்? அணைதல் போதும். விதிர்ப்புக்கும் இதையே சொல்வேன், குலுக்கம் என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். ஐடிலைக்கூட அப்படியே எழுதலாம் என்பது என் எண்ணம். 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று, வடசொல்லை வடவெழுத்து நீக்கி நம் எழுத்தில் எழுதத் தொல்காப்பியரே வழி காட்டியிருக்கிறார், ஐடில் நம் எழுத்தில் இடறாமல் உட்காருகிறது. தமிழ்தான் வேண்டும் என்றால் நின்றோடல். வண்டி நின்று, எஞ்சின் ஓடல்.

மதுரைப் பேராசிரியர் எழுதியது:

வடசொல்லுக்குச் சொன்ன விதியை ஆங்கிலத்துக்கு நீட்டினால் பட்டறையில் ஒரு தமிழ்ச்சொல்லும் மிஞ்சாது அம்மா. நாற்பது ஆண்டு வகுப்பெடுத்தவன் வருத்தத்தோடு சொல்கிறேன். நின்றோடலில் இலக்கணப் பிழையும் இருக்கிறது. செய்து என்னும் வினையெச்சம் 'வினைமுதல் முடிபின', அதாவது இரண்டு வினைக்கும் வினைமுதல் (செய்பவர்) ஒன்றாக இருக்க வேண்டும். நின்றது வண்டி, ஓடுவது எஞ்சின், வினைமுதல் இரண்டு.

கோவைப் பட்டறைக்காரர் எழுதியது:

எஞ்சின் வண்டியின் உறுப்புதானே ஐயா? 'கால் முறிந்து விழுந்தான்' சரி என்றால் இதுவும் சரிதானே?

மதுரைப் பேராசிரியர் எழுதியது:

அங்கே சினையின் (உறுப்பின்) வினை முன்னால் வந்து முதலோடு (முழுப்பொருளோடு) முடிகிறது. அதற்குத்தான் அனுமதி. இங்கே முதலின் வினை வந்து சினையோடு முடிகிறது. தலைகீழ்.

திண்டுக்கல் ஆசிரியர் எழுதியது (செவ்வாய்):

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லாததால் பெரும்பான்மையை எடுத்துக்கொண்டேன்: நின்றோடல் (பக்கத்தில் ஐடில் என்றும் எழுதினேன்), குலுக்கம், அணைதல், கள்ளக்காற்று.

வகுப்பு நடந்தது. காப்பிட்ட இடுக்கியால் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பார்த்தோம். மூன்றிலும் ஆர்.பி.எம். ஒரே அளவு இறங்கியது, அப்படியானால் ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருக்கவில்லை. சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டுவது) கொஞ்சம் இழுத்தோம், குலுக்கம் குறைந்தது. பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று கூடுதல். ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் சிறு துளையான ஐடில் ஜெட்டைக் கழற்றி ஊதினோம், அடைப்பில்லை. அப்போது ஒரு மாணவி, நான் கேட்காமலே, 'சார், அப்போ கள்ளக்காற்று எங்கேயோ உள்ளே வருது' என்றாள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார்கள், மாற்றமில்லை. கார்புரேட்டரைத் தூக்கினால் அடிக் கேஸ்கட் ஓரத்தில் விரிசல். புதிதாகப் போட்டு, ஐடில் வேகத்தைச் சரிசெய்யும் ஸ்லோ ஸ்குரூவைத் திருப்பி வைத்ததும் எஞ்சின் சீராக ஓடியது. வெற்றிடக் கசிவு என்று கற்றுத் தந்திருந்தால் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கமாட்டாள்.

நின்றோடலை மட்டும் யாரும் சொல்லவில்லை. எல்லாரும் ஐடில் என்றுதான் சொன்னார்கள்.

மதுரைப் பேராசிரியர் எழுதியது:

அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் தம்பி. கள்ளக்காற்றை நானும் ஏற்கிறேன். நின்றோடலை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டுத் தாள் அச்சுக்குப் போவதற்கு முன் எனக்கு ஒரு வாரம் முன்கூட்டியே எழுதுங்கள்.