டிராஃப்ட் முகப்பில் என் பெயர் போய் அப்பா பெயர் வந்துவிட்டது

அரைப்புள்ளி:

வணக்கம். இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப்-க்கு என் முதல் டிராஃப்ட்டை (தர ஆவணத்தின் வரைவை) அனுப்பியிருக்கிறேன். விஷயம் சின்னதுதான்: கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி-க்கு ஒரு புது ஆப்ஷன் (கூடவே அனுப்பும் ஒரு தகவல்), மொத்தம் ஒன்பது பக்கம். முதலில் நேரடியாக எக்ஸ்எம்எல்லில் எழுதிப் பார்த்தேன். மூடாத டேக்கைத் தேடியே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அப்புறம் கூட வேலை பார்ப்பவர் கிட்ஹப்பில் உள்ள மார்க்டவுன் டெம்ப்ளேட்டைக் காட்டினார். அதில் எழுதி 'மேக்' என்று தட்டினால் டெக்ஸ்ட்டும் எச்டிஎம்எல்லும் வந்து விழுகின்றன. பதிப்பு டேக் போட்டு கிட்ஹப்புக்குத் தள்ளினால் சமர்ப்பிக்கிற வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

சனிக்கிழமை ராத்திரி அப்படித் தள்ளிவிட்டு, உறுதிசெய்யச் சொல்லி வந்த மெயிலையும் தூக்கக் கலக்கத்தில் அழுத்திவிட்டேன். காலையில் பார்த்தால் முதல் பக்கத்தின் வலது மூலையில் என் பெயரின் முதலெழுத்தும், பின்னால் அப்பாவின் முழுப் பெயரும்! பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி என் பெயர், அப்பா பெயர் என்று வரிசையாகக் கொடுத்திருந்தேன். அவர் தபால் துறையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிஎச்சிபி பற்றி அவருக்கு ஒரு கருத்தும் கிடையாது.

இதை எங்கே திருத்துவது? இன்னொன்று, நான் மேற்கோள் காட்டிய வேறொருவரின் டிராஃப்ட்டைப் பற்றிக் குழுவில் ஒருவர் "அந்த இன்னும் முடிவடையாத டிராஃப்ட்டை ஏன் நார்மேட்டிவ் பட்டியலில் (கட்டாயம் படிக்கவேண்டியவை) வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். நான் எதையும் எங்கேயும் வைக்கவில்லை, டெம்ப்ளேட்தான் வைத்தது. பெயரைத் தமிழிலேயே போட வழி உண்டா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

பழைய ரவுட்டர்:

பெயரில் ஆரம்பிப்போம். முழுப்பெயரை மட்டும் கொடுத்தால், மார்க்டவுனை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் கிராம்டவுன் கடைசி வார்த்தையைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டு, முன்னால் இருப்பதை முதலெழுத்தாகச் சுருக்கிவிடும். நமக்கு அது நேர்மாறு. ஆனால் அந்த மூலையில் அச்சாகும் வடிவத்தைப் பாருங்கள்: முதலெழுத்து, புள்ளி, பெயர். நாம் பள்ளிக்கூட நோட்டில் எழுதியதே அதுதான்! ஆசிரியர் பகுதியில் 'ஐஎன்எஸ்' என்று ஒரு புலம் உண்டு. அங்கே அப்பா பெயரின் முதலெழுத்தும் உங்கள் பெயரும் போடுங்கள், கதை முடிந்தது. கோப்பின் பெயரிலும் அப்பா பெயர் வந்திருந்தால் அதையும் மாற்றலாம், ஆனால் புதுப் பெயரில் பதிப்பு எண் மறுபடி 00-இல் இருந்துதான் தொடங்கும். சமர்ப்பிக்கும்போது 'இது பழையதற்குப் பதில்' என்று குறிக்க மறக்காதீர்கள்.

அடுத்தது நார்மேட்டிவ். மேற்கோளுக்கு இரட்டை நெளிவு அடைப்புக்குறி போடுகிறீர்கள் அல்லவா? அதற்குள் ஆச்சரியக்குறியோடு தொடங்கினால் அது நார்மேட்டிவ், கேள்விக்குறியோடு தொடங்கினால் இன்ஃபர்மேட்டிவ் (கூடுதல் தகவலுக்கு மட்டும்). யாருடைய டிராஃப்ட்டையோ பார்த்து நகல் எடுத்திருப்பீர்கள், ஆச்சரியக்குறி கூடவே வந்திருக்கும். டிஎச்சிபி-யின் மூல ஆவணமான ஆர்எஃப்சி 2131-க்கு (வெளிவந்து முடிந்த ஆவணத்துக்கு ஆர்எஃப்சி என்று பெயர்) அது இருந்தே ஆகவேண்டும், அதைப் படிக்காமல் உங்கள் ஆப்ஷனை யாரும் எழுத முடியாது. முடியாத டிராஃப்ட்டுக்குப் போட்டால் அது வெளிவரும்வரை உங்களுடையதும் ஆசிரியர் குழுவின் வரிசையில் காத்துக் கிடக்கும். பிரவுசரில் வீடியோ அழைப்புக்கான வெப்ஆர்டிசி ஆவணங்கள் இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் நின்று, கடைசியில் 2021 ஜனவரியில் மொத்தமாக வெளிவந்தன. ஒரே ஒரு குறிதான், தம்பி (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்).

இனி நீங்கள் கேட்காதது. உங்கள் 00-ஐத் திறந்து பார்த்தேன். எண்களை ஒதுக்கும் அமைப்பான ஐயானாவுக்கான பகுதியில் "இந்த ஆவணத்தால் ஐயானா செய்யவேண்டியது எதுவுமில்லை" என்று இருக்கிறது. ஆப்ஷன் எண் கேட்கிற ஆவணத்தில்! அது டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரி வரி. பாதுகாப்புப் பகுதியிலும் 'எழுதவேண்டும்' என்ற குறிப்பு அப்படியே நிற்கிறது. ஒரு போலி டிஎச்சிபி சர்வர் உங்கள் ஆப்ஷனில் தப்பான முகவரியைக் கொடுத்தால் கருவி என்ன செய்யும்? அதை நீங்கள்தான் எழுதவேண்டும், எந்த டெம்ப்ளேட்டுக்கும் தெரியாது.

நான் என்ராஃப் என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரல் காலத்து ஆள். பக்கத்துக்கு 58 வரி, வரிக்கு 72 எழுத்து என்று எண்ணி எண்ணிக் கண் போனதுதான் மிச்சம், 1999-இல் ஆர்எஃப்சி 2629 வந்து எக்ஸ்எம்எல்லில் எழுதலாம் என்றபோது இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அதனால் டெம்ப்ளேட்டைக் குறை சொல்லவில்லை. வெற்றுப் பக்கமாக இருந்தால் "இங்கே ஒன்றும் எழுதவில்லையே" என்று கண்ணில் பட்டிருக்கும், நிரம்பிய பக்கத்தில் படாது, அவ்வளவுதான்.

ஒற்றைக்கொம்பு:

தமிழ்ப் பெயருக்கு வழி உண்டு. 2016 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 7997, ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகள்) அல்லாத எழுத்துகளை அனுமதிக்கிறது. முழுப்பெயரைத் தமிழில் கொடுத்து, ஆஸ்கி வடிவத்தைக் கூடவே தனிப் புலத்தில் கொடுக்கவேண்டும். லத்தீன் அல்லாத எழுத்துக்கு இது கட்டாயம். பிடிஎஃப் உருவாக்குவதாக இருந்தால் நோட்டோ எழுத்துருக்களை முழுசாக நிறுவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பெயர் வெறும் கட்டங்களாக வரும்.

பிழைச் செய்தியில் வரும் வரி எண் உங்கள் மார்க்டவுனுடையது அல்ல, நடுவில் உருவாகும் எக்ஸ்எம்எல்லுடையது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அரைப்புள்ளி:

நன்றி சார். தங்கைதான், பரவாயில்லை.

'ஐஎன்எஸ்' போட்டதும் சரியாகிவிட்டது. ஐயானா வரியைப் பார்த்து வெட்கமாகப் போயிற்று. நாலு தடவை படித்திருக்கிறேன், அச்சடித்த படிவத்தில் கீழே பொடி எழுத்து இருக்குமே, அந்த மாதிரி கண் தாண்டிப் போயிருக்கிறது. ஆப்ஷன் எண் வரவேண்டிய இடத்தில் இப்போதைக்கு 'டிபிடி1' (பின்னால் முடிவாகும் என்று பொருள்) என்று வைத்திருக்கிறேன். கேள்விக்குறிக்கு மாற்றியதில் மேற்கோள் தானாகவே அடுத்த பட்டியலுக்குப் போய்விட்டது. தமிழ்ப் பெயர் எச்டிஎம்எல்லில் அழகாக இருக்கிறது, பிடிஎஃப்-ஐ இன்னும் பார்க்கவில்லை.

பாதுகாப்புப் பகுதியை எழுதி முடித்ததும் 01-ஐ ஏற்றுகிறேன், இந்தத் தடவை பகலில். 00-ஐ அழிக்க முடியாது என்று அப்பாவிடம் சொன்னேன். எதற்கு அழிக்கவேண்டும் என்று கேட்டுவிட்டு, முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்கிறார்.