கடைசிப் பாடலில் ஃப்ளோராவின் குரல் கரகரக்கிறது

பிரேசில் பாடகி ஃப்ளோரா பூரிம், தம் கணவர் ஐர்ட்டோ மொரெய்ராவின் தாளத்தோடு 1973 டிசம்பரில் பெர்க்லியில் பதிவுசெய்த ‘பட்டர்ஃப்ளை டிரீம்ஸ்’ இசைத்தட்டை, அதே ஊரின் பழைய தட்டுக் கடையொன்றில் மூன்று வாரங்களுக்கு முன் வாங்கினேன். ஜார்ஜ் டியூக் வாசிக்கும் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியோடு ஃப்ளோராவின் குரல் ஓடிப்பிடித்து விளையாடுவதே இத்தொகுப்பின் உயிர். ஆனால் இரு பக்கங்களிலும் கடைசிப் பாடலில், இடது ஸ்பீக்கரில் மட்டும், ‘ஸ’ ஒலி வரும்போதெல்லாம் காகிதம் கிழிவதுபோல் கரகரக்கிறது.

என்னுடையது பெல்ட்டில் சுழலும் பிளேயர். ஊசி நீள்வட்ட முனை கொண்டது. தட்டை வாலைவடிநீரில் இருமுறை கழுவினேன். ஊசியைப் புதிதாக மாற்றி, அழுத்தத்தை 1.8 கிராமிலிருந்து 2 கிராமாக உயர்த்தினேன். இடவலக் கம்பிகளை மாற்றிச் செருகியபோது கரகரப்பும் வலப்புறம் தாவியதால், ஸ்பீக்கரில் குறையில்லை. மற்ற தட்டுகள் இறுதிவரை தெளிவாகவே ஒலிக்கின்றன.

முன்பு வைத்திருந்தவரின் ஊசி இத்தட்டின் மையத்தை ஒட்டிய உட்பள்ளங்களைத் தேய்த்துவிட்டதா, அல்லது ஊசிக்கை உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங் விசையின் அளவைத் திருத்தினால் சரியாகுமா?